அச்சாணியை யார் பார்ப்பது?

(இறுதியாண்டு மாணவி, மின்னணுவியல் பிரிவு)



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள் நம் பெரியவர்கள். தைப்பூசத்துக்குக் குமாரசாமிப்பேட்டையில் தேர் பார்க்கப் போகிறவர்கள் கலசத்தைப் பார்ப்பார்கள், பூ அலங்காரத்தைப் பார்ப்பார்கள், வடம் பிடிக்கும் பெண்களைப் பார்ப்பார்கள். சக்கரத்தின் ஓரத்தில் செருகியிருக்கும் அந்தச் சிறு இரும்பாணியைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

நம் தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். எரிவாயு, பெட்ரோல் போன்ற தீப்பற்றும் பொருள்கள் ஓடும் குழாய்களில் ஃப்ளோ மீட்டர் வைக்கிறார்கள். அந்த மீட்டரைப் பற்றி நமக்குப் பாடம் உண்டு, படம் உண்டு, பத்து மார்க் கேள்வியும் உண்டு. ஆனால் மீட்டரோடு சேர்ந்து வரும் சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கின்றனவே! லிமிட் சுவிட்ச், ஜீனர் பேரியர், கேபிள் கிளாண்ட், அலாரம் ரிலே, ஹூட்டர், ஏன், சில இடத்தில் ஒரு பூட்டு! இவையெல்லாம் ஓரிரு வரியோடு முடிந்து போகின்றன. ஆபத்து நேரத்தில் உயிர் பிழைப்பதும் போவதும் இந்தச் சின்னச் சாமான்களில்தான் இருக்கிறது. ஆகவே மீட்டரில் தொடங்கி ஹூட்டர் வரை, ஹூட்டரிலிருந்து தொழிலாளியின் காது வரை, முழுச் சர்க்யூட்டையும் நம் கையால் போட்டுப் பார்க்கும் பயிற்சியைப் பாலிடெக்னிக்கில் கட்டாயமாக்க வேண்டும். இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

"இதெல்லாம் மணலி ரிஃபைனரியில வேலை பாக்கறவங்க கவலை. தருமபுரிக்காரங்களுக்கு எதுக்கு?" என்று என் வகுப்புத் தோழியே கேட்டாள். நியாயமான கேள்வி.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் குச்சிக்கிழங்கு தெரியாத குடும்பம் கிடையாது. கிழங்கு சேகோ மில்லுக்குப் போகிறது. அங்கே அரைத்து மாவு எடுத்த பிறகு திப்பியும், ஏராளமான கழிவு நீரும் மிஞ்சுகின்றன. முன்பு அந்தத் தண்ணீரைக் குட்டையில் விட்டு வைத்தார்கள். நாற்றம் ஒரு பக்கம், கிணறு கெட்டது ஒரு பக்கம். பிறகு சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் பல மில்களில் அந்த நீரை மூடிய தொட்டியில் புளிக்க விட்டு எரிவாயு எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வாயுவை அடுப்பில் எரிக்கிறார்கள், ஜெனரேட்டரும் ஓட்டுகிறார்கள். நாற்றம் பிடித்த தண்ணீரிலிருந்து நெருப்பும் மின்சாரமும்! பாராட்ட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் இந்த வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். அதற்குக் கீழே பற்றாது, மேலேயும் பற்றாது. இடையில் இருந்தால் ஒரு பொறி போதும்.

இந்தக் குழாயில் ஃப்ளோ மீட்டர் எதற்கு? வாயு எவ்வளவு கிடைத்தது என்று கணக்கெழுத மட்டும் என்று நினைத்தால் தப்பு. வாயு ஓட்டம் திடீரென்று குறைந்தால் அடுப்பில் தீ அணைந்து போகும். கொஞ்ச நேரத்தில் வாயு திரும்பி வந்தால் எரியாமலே அடுப்புக்குள் நிரம்பும். யாராவது வந்து மறுபடி பற்ற வைத்தால் என்ன ஆகும்? அதே மாதிரி ஓட்டம் திடீரென்று கூடினால், எங்கோ குழாய் விட்டுப் போச்சு என்று அர்த்தம். ஆக, குறைந்தாலும் சொல்ல வேண்டும், கூடினாலும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் மீட்டரில் லோ அலாரம், ஹை அலாரம் என்று இரண்டு அவுட்புட் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கொச்சியிலிருந்து பெங்களூர் நோக்கிப் போகும் கெயில் எரிவாயுக் குழாய்த் திட்டத்தில் நம் மாவட்டத்து வயல்களும் வருகின்றன. நம் விவசாயிகள் அதை எதிர்த்துப் போராடினார்கள். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன் நியாய அநியாயத்தைப் பேசத் தனிக் கட்டுரை வேண்டும். ஆனால் ஒரு விவசாயி நம்மைப் பார்த்து, "ஏம்மா, நீ படிச்ச பொண்ணுதானே, இது கசிஞ்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது யார்? டிப்ளமோ படித்த நீங்களும் நானும்தான்.

ஓர் அரிசியைத் தூக்கும் சக்தி

மீத்தேனைப் பற்ற வைக்க எவ்வளவு சக்தி வேண்டும் தெரியுமா? சரியான அளவில் காற்றோடு கலந்திருந்தால் சுமார் 0.28 மில்லி ஜூல் போதும். ஓர் அரிசியைத் தரையிலிருந்து எடுத்து நம் நெஞ்சு உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய அவ்வளவு சக்திதான் செலவாகும். ஹைட்ரஜனுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். சாதாரண சுவிட்சை ஆஃப் செய்யும்போது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வருகிற பொறியிலேயே இதைவிட அதிகம் இருக்கும்.

இதை மனிதர்கள் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. 1913 அக்டோபர் 14 அன்று பிரிட்டனில், வேல்ஸ் பகுதியின் செங்ஹெனித் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். மீட்கப் போனவர் ஒருவரும் இறந்தார். காரணம் இதுதான் என்று முடிவாக நிரூபிக்க முடியவில்லை. ஆனால் சந்தேகப்பட்டவற்றுள் ஒன்று, சுரங்கத்தில் செய்தி சொல்ல வைத்திருந்த மின்சார மணி! அந்தக் காலத்தில் சுரங்கப் பாதை நெடுக இரண்டு வெறும் கம்பிகளை இழுத்து விட்டிருப்பார்கள். இரண்டையும் தொடவைத்தால் மணி அடிக்கும். "பேட்டரி மின்சாரம்தானே, இதுல என்ன வந்துடப் போகுது" என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வீலர், தார்ன்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆண்டுகளில் சோதனை செய்து காட்டினார்கள்: மணியின் காயிலில் தேங்கியிருக்கும் சக்தி, கம்பி விலகும் கணத்தில் பொறியாக வெளிப்படுகிறது, அது மீத்தேனைப் பற்ற வைக்கப் போதும்.

அங்கிருந்து பிறந்ததுதான் நாம் இன்ட்ரின்சிக் சேஃப்டி என்று சொல்லும் உள்ளார்ந்த பாதுகாப்பு. பொறியை இரும்புப் பெட்டியில் அடைத்து வைப்பது ஒரு வழி. பொறி வந்தாலும் பற்ற வைக்கத் தெம்பில்லாதபடி சக்தியையே குறைத்துக் கொடுப்பது இந்த வழி. கவனியுங்கள் நண்பர்களே! இந்த முறையே ஒரு மணியை முன்னிட்டுத்தான் பிறந்திருக்கிறது. நாம் இன்று உபரிச் சாமான் என்று ஓரம் கட்டும் அதே மணி!

பேரியர் என்னும் காவல்காரர்

வாயு இருக்கும் இடத்தை ஆபத்துப் பகுதி என்றும், கன்ட்ரோல் ரூமைப் பாதுகாப்பான பகுதி என்றும் பிரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் காவல்காரர்தான் ஜீனர் பேரியர். உள்ளே ஒரு ஃப்யூஸ், சில ஜீனர் டையோடு, ஒரு ரெசிஸ்டர். அவ்வளவுதான். நமது லேபில் கிடைக்கும் சாமான்களே! பரவலாகப் பயன்படும் ஒரு வகைக்கு 28 வோல்ட், 93 மில்லி ஆம்பியர் என்று வரம்பு. கன்ட்ரோல் ரூம் பக்கம் தவறிப்போய் 230 வோல்ட் கலந்துவிட்டாலும், ஜீனர் அதை எர்த்துக்குத் தள்ளிவிடும், ஃப்யூஸ் போய்விடும், ஆபத்துப் பகுதிக்குள் வரம்பு மீறிய சக்தி போகாது.

ஆனால் அந்த எர்த் சரியாக இருக்க வேண்டும். ஒரு ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது நடைமுறை. எர்த் கம்பியின் ஸ்குரூ தளர்ந்திருந்தால்? பேரியர் தன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருக்கும், மீட்டர் நன்றாகவே வேலை செய்யும், பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. காவல் மட்டும் இருக்காது. இதை யார் சோதிப்பது? என்ஜினீயர் டிராயிங் போடுவார். ஸ்குரூ டிரைவர் பிடிப்பது டிப்ளமோ படித்தவர் கைதான்.

இனி அலாரம் அவுட்புட்டுக்கு வருவோம். நம் லேபில் ரோட்டாமீட்டர் இருக்கிறது. கண்ணாடிக் குழாய், உள்ளே மிதவை. ஓட்டம் கூடினால் மிதவை மேலே போகும். ஆலைகளில் இரும்புக் குழாய் ரோட்டாமீட்டர் வைத்து, முள்ளோடு ஒரு சிறு தகடு சுழலும்படி செய்து, தகடு வந்து நுழையும் இடத்தில் ஒரு பிளவுச் சென்சார் பொருத்துவார்கள். அதுதான் லிமிட் சுவிட்ச். அந்தச் சென்சாருக்கு 8 வோல்ட் அளவில்தான் மின்சாரம். தகடு உள்ளே வந்தால் கரன்ட் 1.2 மில்லி ஆம்பியருக்குக் கீழே போகும், வெளியே இருந்தால் 2.1-க்கு மேலே இருக்கும். கம்பி அறுந்துபோனால் கரன்ட் ஏறக்குறைய சைபர். ஷார்ட் ஆனால் எக்கச்சக்கமாக ஏறும். ஆக, நல்ல கருவியாக இருந்தால் "ஓட்டம் குறைந்தது" என்பதையும் "என் கம்பியே அறுந்தது" என்பதையும் தனித்தனியாகச் சொல்லும்.

நாம் படிக்கும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலிலும் இதே புத்திசாலித்தனம் இருக்கிறது. ஓட்டமே இல்லையென்றாலும் 4 வரும். ஏன் சைபர் வைக்கவில்லை? ஒருவரைக் கூப்பிட்டால் "ஒண்ணுமில்லை" என்று பதில் வருவது வேறு, பதிலே வராமல் இருப்பது வேறு. 3.6-க்குக் கீழே அல்லது 21-க்கு மேலே போனால் அளவை நம்பாதே, கருவியே கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள் என்பது நாமுர் என்ற ஜெர்மானியத் தொழில் அமைப்பு வகுத்த வழக்கம்.

இவ்வளவு யோசித்துச் செய்த கருவியைச் சிலர் எப்படிக் கெடுக்கிறார்கள்? அலாரம் காண்டாக்டில் நேராக ஒரு 230 வோல்ட் ஹூட்டரைக் கட்டிவிடுகிறார்கள். "காண்டாக்ட் தானே, சுவிட்ச் மாதிரிதானே!" என்று நினைப்பு. அந்த நிமிடமே உள்ளார்ந்த பாதுகாப்பு செத்துப் போயிற்று. தன்பாத் ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்து, நாக்பூரில் இருக்கும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பெற்று வந்த மீட்டராகவே இருக்கட்டும், அந்தச் சான்றிதழ் இனி வெறும் காகிதம். முறையான வழி என்ன? அந்தக் காண்டாக்ட் சிக்னலைப் பேரியர் அல்லது ஐசொலேட்டர் வழியாகப் பாதுகாப்பான பகுதிக்குக் கொண்டுவந்து, அங்கே ரிலே வைத்து ஹூட்டரை ஓட்ட வேண்டும். ஆபத்துப் பகுதியிலேயே சத்தம் வேண்டுமானால் அதற்கென்றே சான்றிதழ் பெற்ற ஹூட்டரைத் தனிப் பேரியரோடு வைக்க வேண்டும். நான்கு வரியில் சொல்லக்கூடிய விஷயம். இதை ஒரு முறை நாமே கையால் கட்டியிருந்தால் ஆயுசுக்கும் மறக்காது.

ஒரே ஒரு பூட்டு

சின்னச் சாமான் என்ன பெரிதாகக் கெடுத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை.

இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில் பெரிய எண்ணெய்க் கிடங்கு. 2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலை. 912-ஆம் எண் டேங்கில் குழாய் வழியாக பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மணி வாக்கில் டேங்கின் மட்டம் காட்டும் கருவி மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் கோடு நேராகப் போனது. பெட்ரோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் கருவி அதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 14 தடவை அப்படி மாட்டியிருந்ததாம்!

சரி, கடைசிக் காவலாக டேங்கின் உச்சியில் தனியாக ஒரு சுவிட்ச் இருந்தது. மட்டம் அங்கே தொட்டால் அலாரம் அடித்து, வரத்தையும் நிறுத்த வேண்டும். அந்தச் சுவிட்சைச் சோதிக்க ஒரு கைப்பிடி. சோதித்த பிறகு கைப்பிடியை உரிய நிலையில் நிறுத்தி ஒரு பூட்டுப் போட வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் கைப்பிடி இறங்கி, சுவிட்ச் செயலிழந்துவிடும். அந்தப் பூட்டு போடப்படவில்லை. அது ஏதோ திருட்டுப் போகாமல் இருக்க வைக்கும் பூட்டு என்று நினைத்துவிட்டார்கள். அதுவே சுவிட்சின் உயிர் என்று பொருத்தியவர்களுக்கும் பராமரித்தவர்களுக்கும் தெரியவில்லை.

5 மணி 37 நிமிடத்துக்கு டேங்க் வழிய ஆரம்பித்தது. இதற்கிடையே குழாயில் வரத்து மணிக்கு 550 கன மீட்டரிலிருந்து 890 கன மீட்டர் வரை கூடியது. 6 மணி 1 நிமிடத்துக்கு வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட டேங்குகள் எரிந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விடுமுறை நாள் விடியற்காலை என்பதால்தான் உயிர்ச் சேதம் இல்லை.

அங்கே மாட்டியது மட்டம் பார்க்கும் கருவி, ஃப்ளோ மீட்டர் இல்லை என்று சொல்லலாம். பாடம் ஒன்றுதான். கோடிக்கணக்கில் பணம் போட்ட கிடங்கு, கம்ப்யூட்டர், கன்ட்ரோல் ரூம். அத்தனையும் ஒரு பூட்டுக்குக் கட்டுப்பட்டு நின்றது. அந்தப் பூட்டுத்தான் நான் சொல்லும் அச்சாணி!

கத்தினால் எரிச்சல், கத்தாவிட்டால்?

போன வருஷம் ஓர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். எந்த ஆலை, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். கன்ட்ரோல் பேனலில் வரிசையாக அலாரம் விளக்குகள். அதில் இரண்டு எரிந்துகொண்டே இருந்தன. ஹூட்டர் சத்தம் மட்டும் வரவில்லை. "அண்ணா, ஏன் கத்தல?" என்று கேட்டேன். அங்கிருந்த ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே, "அது சும்மா சும்மா கத்துதும்மா. வேலை பாக்க விடாது. அதான் வயரைக் கழட்டி வெச்சிட்டோம்" என்றார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். எட்டு மணி நேரம் காதருகே பொய்யாகக் கத்தும் ஹூட்டரோடு நீங்களோ நானோ உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

1994 ஜூலை 24 அன்று பிரிட்டனில் மில்ஃபோர்டு ஹேவன் என்ற ஊரில் ஒரு ரிஃபைனரி வெடித்தது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் அங்கிருந்த இரண்டு ஆபரேட்டர்கள் மீது 275 அலாரம் வந்து விழுந்தது! நிமிடத்துக்கு இருபத்தைந்து. மனிதன் எதைப் பார்ப்பான்? எதை விடுவான்? அலாரம் இல்லாததும் ஆபத்து, அளவுக்கு மீறி இருப்பதும் ஆபத்து. எந்த அளவில் அலாரம் வைப்பது, எத்தனை வினாடி தாமதம் கொடுப்பது, எதற்கு ஹூட்டர், எதற்கு வெறும் விளக்கு என்று முடிவு செய்வதும் ஒரு கலை. அந்தக் கலையை எந்த வகுப்பில் கற்றோம்?

கத்தாமல் போன கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷ வாயு கசிந்தபோது, ஊர் மக்களுக்கான ஆலைச் சங்கு கொஞ்ச நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. தூக்கத்தில் இருந்தவர்கள் எதை நம்பி எழுந்திருப்பார்கள்? அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்தில் ஒரு பாலிமர் ஆலையில் ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு விசாரித்ததில், ஆலையில் சங்கை ஒலிக்கச் செய்யும் இடங்கள் 36 இருந்தும் ஒன்றுகூட இயக்கப்படவில்லை என்று தெரிய வந்தது. முப்பத்தாறு பட்டன்! அழுத்த ஒரு விரல் இல்லை.

இங்கேதான் நான் கடைசிச் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மொழி. நான் பார்த்த அலாரம் பேனலில் எழுதியிருந்ததெல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்து. என் சித்தப்பா ஒரு சேகோ மில்லில் வேலை பார்க்கிறார். எட்டாவது வரை படித்தவர், தினமும் பேப்பர் படிப்பார். "ராத்திரி ஷிப்டுல செவப்பு லைட்டு எரியும். என்னான்னு தெரியாது. சூப்பர்வைசர் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு நிப்போம்" என்று சொன்னார். "வாயு குறைவு, பர்னரை மூடு" என்று தமிழில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? வட மாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் இந்தியில் ஒன்று. போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, உடனடி ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்தை எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு எழுதி வைத்தார்கள். விளக்கு என்ன சொல்கிறது என்றே புரியாதவர் எந்த உரிமையைப் பயன்படுத்துவார்?

மறுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

"எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும், இனிமே இந்த வயரிங் வேலையெல்லாம் எதுக்கு?" என்பார்கள் சிலர். பன்ஸ்ஃபீல்டிலும் கம்ப்யூட்டர் இருந்தது. மாட்டிக்கொண்ட கருவி சொன்னதைத்தான் அது திரையில் காட்டியது. கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. நாம் கட்டிக் கொடுக்கும் கம்பிதான் அதன் கண்.

"கல்லூரிக்கு நிதி ஏது?" என்பார்கள் வேறு சிலர். நான் வாயு கேட்கவில்லை, ரிஃபைனரி கேட்கவில்லை. லேபில் இருக்கும் ரோட்டாமீட்டரில் தண்ணீரை ஓட்டியே இதைச் செய்யலாம். ஒரு லிமிட் சுவிட்ச், ஒரு ஐசொலேட்டர் அல்லது பேரியர், ஒரு ரிலே, ஒரு ஹூட்டர், நீல நிறக் கேபிள் சில மீட்டர். ஒரு மேசைக்குள் அடங்கும். உள்ளார்ந்த பாதுகாப்புச் சர்க்யூட்டை அடையாளம் காட்ட வெளிர் நீல நிறம் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம் என்பதையே நம்மில் பலர் கேபிளைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

"பரீட்சையில வராததைப் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்பது மூன்றாவது கேள்வி. இதைக் கேட்பவர்கள் மாணவர்களே! நண்பர்களே, பரீட்சைத் தாளை வாத்தியார் திருத்துவார். ஆலையில் செய்யும் தப்பை யார் திருத்துவது?

நாம் கேட்பது

மாணவர் பேரவை வழியாக நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மேலே சொன்ன அலாரம் மேசை ஒன்றை நம் லேபில் அமைக்க வேண்டும். எல்லாப் பிரிவு மாணவர்களும் ஒரு தடவையாவது அதை மீட்டரிலிருந்து ஹூட்டர் வரை தானே கட்டி ஓட்ட வேண்டும்.

இரண்டாவது, அதில் "கம்பியை அறு" என்றே ஒரு பயிற்சி வைக்க வேண்டும். மாணவர் கட்டி முடித்ததும் ஆசிரியர் வந்து ஏதாவது ஒரு கம்பியைக் கழற்றுவார். ஹூட்டர் அடித்தால் பாஸ். அடிக்காவிட்டால் மறுபடி கட்ட வேண்டும். நல்ல நிலையில் கரன்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அறுந்தால் அலாரம் வர வேண்டும் என்ற பாடம் அன்றைக்கே மனதில் பதிந்துவிடும்.

மூன்றாவது, சோதனைப் பதிவேடு எழுதும் பழக்கம். எந்தத் தேதியில், எந்த அலாரத்தை, எப்படிச் சோதித்தோம், அடித்ததா, பூட்டு திரும்பப் போட்டாயிற்றா, சோதித்தவர் கையெழுத்து என்று மாதம் ஒரு முறை லேபிலேயே எழுதிப் பழக வேண்டும்.

நான்காவது, நம் மாணவர்கள் விடுமுறையில் ஒரு சேவையாக, பக்கத்தில் இருக்கும் சிறு ஆலைகளுக்குப் போய், நிர்வாகத்தின் அனுமதியோடு அலாரம் பேனல்களுக்குத் தமிழில் பெயர் எழுதித் தர வேண்டும். மரம் நடுகிறோம், ரத்ததானம் செய்கிறோம். இதுவும் உயிர் காக்கும் சேவைதானே!

நான் இதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு எங்கள் அம்மா, "என்னாடி அது, மூணு வருஷம் படிச்சு மணியடிக்கிற வேலைக்கா போகப் போற?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது சரிதான். ஊர் தூங்கும்போது மணி சரியாக அடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் வேலை கேவலமான வேலையா?

எங்கள் அப்பா இன்றும் கூட்டுறவு வங்கியில் கைநாட்டு வைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். நாளை ஓசூரிலோ, ராணிப்பேட்டையிலோ, மணலியிலோ ஓர் ஆலையில் நாம் வேலைக்குச் சேருவோம். "அலாரம் சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது" என்று அச்சடித்த தாள் நம் முன்னால் வரும். சோதிக்க நேரமிருக்காது. "போட்டுட்டுப் போப்பா, எல்லாரும் அப்படித்தான்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். அந்தத் தாளில் விழப் போவது நம் குடும்பத்தின் முதல் கையெழுத்து. சோதிக்காமல் போடும் கையெழுத்தைவிட எங்கள் அப்பாவின் கைநாட்டு ஆயிரம் மடங்கு மேல். அது பொய் சொன்னதில்லை.

அந்தத் தாள் வரும் நாளில் பேனாவை எடுக்கும் முன் எழுந்து போய் ஹூட்டரை ஒரு முறை அடிக்க வைத்துக் கேட்க நமக்குத் தைரியமும் வேண்டும், தொழிலும் தெரிந்திருக்க வேண்டும். தைரியத்தை நாம் கொண்டு வருகிறோம். தொழிலைக் கல்லூரி கற்றுத் தரட்டும்.

வாழ்க தொழிற்கல்வி! வளர்க நம் மாணவர் பேரவை!